பைத்தான் அடிப்படை: பார்த்தால் புரிகிறது, எழுத உட்கார்ந்தால் வரவில்லை

கேள்வி சுருக்கமாக இதுதான்: "சில மாதங்களாக பைத்தான் வீடியோக்கள் பார்க்கிறேன். சொல்லிக்கொடுக்கும்போது எல்லாம் புரிகிறது. நானாக எழுதலாம் என்று காலி ஃபைலைத் திறந்தால் முதல் வரிகூட வரமாட்டேன் என்கிறது. அடிப்படை, அடிப்படை என்கிறார்களே, அது எதுவரை? எந்த வரிசையில் படிப்பது? கிளாஸ், ஆப்ஜெக்ட் எல்லாம் இப்போதே வேண்டுமா?"

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: இப்போது வேண்டாம். காரணம் கீழே வரும். மற்ற இரண்டுக்கும்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

வீடியோவில் ஒருவர் புரோகிராம் எழுதும்போது என்னென்ன வேரியபிள் வேண்டும், லூப் எங்கே தொடங்க வேண்டும், இந்த வரி இஃப்புக்கு உள்ளேயா வெளியேயா என்ற முடிவையெல்லாம் அவரே எடுத்துவிடுகிறார். நாம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே போகிறோம். தலையாட்ட முடிவதால் நமக்கும் தெரியும் என்று தோன்றிவிடுகிறது. காலி ஃபைலில் அந்த முடிவுகளை எடுக்க நம்மை விட்டால் ஆள் இல்லை. கை அங்கேதான் நிற்கிறது. எழுதப்போகும் வரி ஓடினால் உள்ளே என்ன நடக்கும் என்பதை மனதுக்குள் ஓட்டிப் பார்க்காததால் வரும் தடை அது.

ஆகவே நான் அடிப்படை என்று சொல்வது ஒன்றைத்தான். பத்து வரி புரோகிராமைக் காட்டினால், ரன் பண்ணாமலே, ஒவ்வொரு வரி முடிந்ததும் எந்தப் பெயரிடம் என்ன மதிப்பு இருக்கிறது என்று தாளில் எழுதிக் காட்ட வேண்டும். இது வந்தவுடன் எழுதுவது தானாக வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். இது வராமல் எழுதுவது வராது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். கீழே வருவதையெல்லாம் இந்த ஒரு திறமையை மனதில் வைத்தே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

பயப்படும் அளவுக்கு பைத்தான் பெரிய மொழி இல்லை. கிடோ வான் ராசம் 1989 டிசம்பரில், ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் வேலை பார்த்தபோது இதைத் தொடங்கினார். 1991இல் முதல் பதிப்பு வெளிவந்தது. அதற்கு முன்பு அதே மையத்தில், கற்றுக்கொள்ள எளிதாக இருக்க வேண்டும் என்று உருவாக்கிய ஏபிசி என்ற மொழியில் அவர் வேலை செய்திருந்தார். வரியை உள்ளே தள்ளி எழுதி 'இது அதற்கு உட்பட்டது' என்று காட்டும் முறை அங்கிருந்து வந்தது. மொழிக்கென்றே ஒதுக்கிவைத்த கீவேர்டுகள் இன்றைக்கும் 35தான். அதில் பாதி தெரிந்தாலே வெகுதூரம் போய்விடலாம்.

கம்ப்யூட்டரில் ஏற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பைத்தான் 3இல் எந்தப் புதிய பதிப்பும் சரி. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பிரின்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதிக்காட்டும் பாடம் கண்ணில் பட்டால் அது அந்தக் காலத்தது, மூடிவிடுங்கள். விண்டோஸில் இன்ஸ்டால் செய்யும்போது, பைத்தானை 'பாத்'தில் (கம்ப்யூட்டர் புரோகிராம்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கட்டுமா என்று ஒரு டிக் பெட்டி கேட்கும். அதை டிக் செய்யாமல் விட்டால் டெர்மினலில் பைத்தான் என்று தட்டியும் ஒன்றும் நடக்காமல் முழிக்க வேண்டியிருக்கும். எந்த எடிட்டர் நல்லது என்ற ஆராய்ச்சியில் நாளைப் போக்காதீர்கள். கூடவே வரும் ஐடில் இப்போதைக்குத் தாராளம். இன்னொன்று: நீங்கள் எழுதும் ஃபைலுக்கு ரேண்டம், டர்ட்டில் என்று பைத்தானோடு வரும் மாடியூல்களின் (ஏற்கெனவே எழுதிவைத்த, இம்போர்ட் என்று சொல்லி எடுத்துக்கொள்ளும் புரோகிராம்கள்) பெயரை வைக்காதீர்கள். வைத்தால் பைத்தான் தன்னுடையதை விட்டுவிட்டு உங்கள் ஃபைலைத் தூக்கி இம்போர்ட் செய்யும். வருகிற எரர் தலையும் புரியாது வாலும் புரியாது.

இந்தப் பதிலில் புரோகிராம் வரிகளைக் காட்டும் முறை பற்றி ஒரு வார்த்தை. இஃப், ஃபார், பிரின்ட் போன்ற மொழியின் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வேரியபிள் பெயர்களை மட்டும் இங்கே இருப்பதுபோலத் தமிழிலேயே தட்டலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பைத்தான் 3 அதை உண்மையிலேயே ஏற்றுக்கொள்ளும். வேலைக்குப் போனால் பெயர்களை ஆங்கிலத்தில்தான் வைக்கச் சொல்வார்கள். கற்கும்போது தமிழில் வைத்தால் ஒரு லாபம் உண்டு: எது மொழியின் சொல், எது நான் வைத்த பெயர் என்ற குழப்பமே வராது.

முதல் சில நாட்களுக்கு ஃபைலே வேண்டாம். >>> என்று மூன்று அம்புக்குறி காட்டி நிற்கும் ஷெல்லிலேயே இருங்கள். ஒரு வரி தட்டினால் உடனே விடை வரும். வரும்முன் என்ன வரும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் என்டர் தட்டுங்கள். 7 / 2 என்றால் 3.5. 7 // 2 என்றால் 3. சரி, -7 // 2? நிறையப் பேர் -3 என்பார்கள். பைத்தான் -4 என்கிறது. இரண்டு சாய்கோடு பின்னத்தை வெட்டிப் போடுவதில்லை, எப்போதும் கீழ்ப்பக்கம் இறங்குகிறது. 2 ** 100 (இரண்டின் நூறாவது அடுக்கு) தட்டினால் 1267650600228229401496703205376 என்று முழுதாக வந்து நிற்கும். பல மொழிகளில் சாதாரண முழு எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பைத்தானில் மெமரி இருக்கும்வரை போகலாம். ஆனால் 0.1 + 0.2 தட்டினால் 0.30000000000000004. பைத்தான் தப்பாகக் கூட்டிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நாம் மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எழுதினால் எங்கேயாவது நிறுத்தித்தானே ஆக வேண்டும்? கம்ப்யூட்டர் பின்னத்தை இரண்டின் அடுக்குகளால் எழுதுகிறது, அந்த முறையில் பத்தில் ஒரு பங்குக்கே முடிவு கிடையாது. அது நிறுத்திய இடத்தின் மிச்சம்தான் கடைசியில் எட்டிப் பார்க்கும் அந்த 4. ஆகவே தசம எண்கள் இரண்டும் சமமா என்று நேரடியாகக் கேட்டுப் புரோகிராம் எழுதாதீர்கள்.

அடுத்தது டைப். 5 என்பது எண். மேற்கோள் குறிக்குள் "5" என்பது எழுத்து, அதாவது ஸ்ட்ரிங். 5 + 3 என்றால் 8, "5" + "3" என்றால் "53", "5" * 3 என்றால் "555", 5 + "3" என்றால் டைப்எரர். இந்த நான்கையும் கையால் தட்டிப் பாருங்கள். ஆரம்பகட்டக் குழப்பத்தில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. காரணம், இன்புட் என்ற ஃபங்ஷன் (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் துண்டு) பயனர் எதைத் தட்டினாலும் ஸ்ட்ரிங்காகவே கொண்டுவந்து கொடுக்கும். வயது கேட்டு வாங்கி அதோடு 1 கூட்டினால் எரர் வருவது இதனால்தான். முதலில் இன்ட் என்ற ஃபங்ஷனில் போட்டு எண்ணாக மாற்ற வேண்டும். ஒரு சுவாரசியம்: தமிழ் இலக்கங்களில் "௧௦" என்று கொடுத்தாலும் இன்ட் அதை 10 என்று வாங்கிக்கொள்ளும். பத்துக்கான பழைய குறியான "௰" கொடுத்தால் ஏற்காது, ஏனென்றால் யூனிகோட் அதை இலக்கமாகக் கணக்கு வைக்கவில்லை.

ஸ்ட்ரிங் பற்றிப் பேசும்போது தமிழில் எழுதுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. நீளத்தை எண்ணித் தரும் ஃபங்ஷன் லென். லென்("தமிழ்") எவ்வளவு? நாம் எண்ணினால் மூன்று எழுத்து. பைத்தான் 5 என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அது எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை. அதனால் ஒரு தமிழ்ச் சொல்லைத் திருப்பிப்போட்டால் குறிகள் எல்லாம் இடம் மாறி அலங்கோலமாக வரும். உங்கள் புரோகிராமில் பிழை என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

இனி வேரியபிள். இங்கேதான் நிதானமாக நிற்கச் சொல்வேன், ஏனென்றால் வீடியோக்கள் இதை இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுகின்றன.

அ = 5
ஆ = அ
அ = 7

இப்போது ஆ எவ்வளவு? பள்ளிக் கணக்கு மனதில் இருந்தால் 'ஆவும் அவும் சமம், அதனால் 7' என்று தோன்றும். விடை 5. ஒற்றைச் சமக்குறி பைத்தானில் ஒரு கட்டளை: 'வலதுபக்கம் இருப்பதைக் கணக்குப் போடு, வந்த மதிப்புக்கு இடதுபக்கப் பெயரை வை.' ஒருதரம் செய்ததோடு அதன் வேலை முடிந்தது. அது எந்த வாக்குறுதியும் கொடுப்பதில்லை. அ = அ + 1 என்ற வரி கணிதத்தில் அபத்தம், இங்கே அன்றாடம். சமமா என்று கேட்கத்தான் இரட்டைச் சமக்குறி.

அடுத்து இதைப் பாருங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் வரிசையாக வைத்த மதிப்புகள்தான் லிஸ்ட்; அ[0] என்பது அதன் முதல் உறுப்பு:

அ = [5, 6]
ஆ = அ
அ[0] = 99

இப்போது ஆ என்ன? மேலே படித்ததை வைத்து [5, 6] என்றுதான் சொல்வீர்கள். தட்டிப் பார்த்தால் [99, 6]. வேரியபிளை மதிப்பு போட்டு வைக்கும் டப்பா என்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள்; அந்த உவமை இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது. வேரியபிள் ஒரு பெயர்ச்சீட்டு. ஆ = அ என்றதும் புது லிஸ்ட் எதுவும் பிறக்கவில்லை; இருந்த ஒரே லிஸ்ட்டின் மேல் இரண்டாவது சீட்டு ஒட்டப்பட்டது. அ[0] = 99 அந்த லிஸ்ட்டையே உள்ளே திருத்துகிறது, ஆகவே எந்தச் சீட்டின் வழியாகப் பார்த்தாலும் திருத்தம் தெரியும். முந்தைய உதாரணத்தில் அ = 7 என்றபோது சீட்டைப் பிய்த்து வேறொரு மதிப்பின் மேல் ஒட்டினோம்; 5 அப்படியே இருந்தது. தனி நகல் வேண்டுமென்றால் ஆ = அ[:] என்று எழுதலாம். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பின்னால் ஃபங்ஷனுக்குள் லிஸ்ட்டை அனுப்பும்போது வரும் பல மர்மங்கள் மர்மமாகவே இருக்காது.

இஃப், எலிஃப், எல்ஸ் மூன்றும் பார்த்தவுடன் புரியும், அதனால் வேகமாகப் போகலாம். வரியை உள்ளே தள்ளி எழுதும் இன்டென்டேஷனுக்கு நான்கு ஸ்பேஸ் என்பது வழக்கம். டேபையும் ஸ்பேஸையும் கலந்தால் பைத்தான் கோபித்துக்கொள்ளும். எலிஃப்கள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்பட்டு முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். ஆகவே மதிப்பெண் 35க்கு மேலா என்று முதலில் கேட்டுவிட்டு 90க்கு மேலா என்று அப்புறம் கேட்டால் இரண்டாவது கேள்விக்கு வேலையே வராது. ஒரு கண்ணியை மட்டும் காட்டிவிடுகிறேன்:

இஃப் நிறம் == "சிவப்பு" ஆர் "பச்சை":

பேச்சில் 'சிவப்போ பச்சையோ என்றால்' என்று சொல்வதுபோலவே இருக்கிறது. ஆனால் நிறம் நீலமாக இருந்தாலும் இது உள்ளே போகும். ஆர் என்பதன் இரு பக்கமும் தனித்தனிக் கேள்விகள். வலதுபக்கம் இருப்பது வெறும் "பச்சை"; காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கையும் பைத்தான் 'ஆம்' என்றே எடுத்துக்கொள்ளும். நிறம் == என்பதை இரண்டாம் தடவையும் எழுத வேண்டும். இதில் எரர் எதுவும் வராது, விடைதான் தப்பாக வரும். அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம்.

லூப்புக்கு வருவோம். ஃபார் லூப்பை முதலில் படியுங்கள், வைல் பிறகு. ரேஞ்ச்(5) என்றால் 0, 1, 2, 3, 4, ஐந்து வராது. லிஸ்ட்டின் முதல் உறுப்புக்கு எண் 0. இதை ஏற்றுக்கொண்டு பழகிவிடுவதுதான் வழி. லூப்பில் உண்மையான பாடம் தாளில்தான் இருக்கிறது. ஒரு லிஸ்ட்டில் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் புரோகிராமை எடுத்துக்கொள்வோம்.

எண்கள் = [4, 9, 2]
பெரியது = 0
ஃபார் எண் இன் எண்கள்:
    இஃப் எண் > பெரியது:
        பெரியது = எண்
பிரின்ட்(பெரியது)

தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: எண், பெரியது. தொடக்கத்தில் எண்ணுக்கு எதுவும் இல்லை, பெரியது 0. முதல் சுற்றில் எண் 4. 0ஐவிடப் பெரியது, ஆகவே பெரியது 4. இரண்டாவதில் எண் 9, பெரியது 9. மூன்றாவதில் எண் 2. இஃப் பொய், பெரியது மாறவில்லை. லூப் முடிந்தது, திரையில் 9. சரி.

இப்போது லிஸ்ட்டை [-4, -9, -2] என்று மாற்றி அதே பத்திகளை மறுபடி நிரப்புங்கள். மூன்று சுற்றிலும் இஃப் பொய். திரையில் 0. லிஸ்ட்டிலேயே இல்லாத ஓர் எண்ணை 'பெரியது' என்று சொல்கிறது புரோகிராம். தாளில் நிரப்புகிறவருக்கு இரண்டாவது சுற்றிலேயே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்: 0 என்று தொடங்கியது நம்முடைய ஊகம். பெரியது = எண்கள்[0] என்று தொடங்கினால் தீர்ந்தது. லிஸ்ட் காலியாக இருந்தால்? எண்கள்[0] என்று ஒன்று இல்லை, இன்டெக்ஸ்எரர். அப்போது என்ன செய்யலாம் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும்; வீடியோக்காரர் நமக்குப் பதிலாக எடுத்துவிடும் முடிவு என்று மேலே சொன்னேனே, அதில் இதுவும் ஒன்று.

இதே புரோகிராமில் கடைசி பிரின்ட் வரியை மட்டும் நகர்த்திப் பாருங்கள். இப்போது இருப்பதுபோல ஓரத்தில் இருந்தால், முதல் லிஸ்ட்டுக்கு 9 என்று ஒரே ஒரு தடவை வரும். நான்கு ஸ்பேஸ் தள்ளி ஃபாருக்குள் வைத்தால் 4, 9, 9. எட்டு ஸ்பேஸ் தள்ளி இஃப்புக்குள் வைத்தால் 4, 9. ஒரு எழுத்தும் மாறவில்லை, இடம்தான் மாறியது. இன்டென்டேஷன் அழகுக்காக இல்லை என்பதை எத்தனை தடவை சொன்னாலும் மனதில் நிற்காது. இந்த மூன்றையும் ஒருமுறை கணித்து, ரன் பண்ணிச் சரிபார்த்தால் நின்றுவிடும். பைத்தானில் மேக்ஸ் என்ற ஃபங்ஷன் ஏற்கெனவே இருக்கிறது, இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். வேலையில் மேக்ஸைத்தான் போட வேண்டும். படிக்கும்போது கையால்.

ஃபங்ஷனில் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு: பிரின்டுக்கும் ரிட்டர்னுக்கும் உள்ள வித்தியாசம்.

டெஃப் இரட்டி(எண்):
    பிரின்ட்(எண் * 2)

விடை = இரட்டி(5)

ரன் பண்ணினால் திரையில் 10 வரும். எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். அடுத்த வரியில் விடை + 1 என்று எழுதினால் டைப்எரர். விடையில் 10 இல்லை, நன் இருக்கிறது. 'ஒன்றுமில்லை' என்பதற்கு பைத்தான் வைத்திருக்கும் மதிப்பு அது. பிரின்ட் மனிதருக்குக் காட்டுகிறது. ரிட்டர்ன், கூப்பிட்ட வரிக்கு மதிப்பைத் திருப்பிக் கொடுக்கிறது. ஃபங்ஷனில் ரிட்டர்ன் இல்லையென்றால் பைத்தான் தானாகவே நன்னைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஷெல்லில் பழகும்போது இரண்டும் திரையில் ஒரேமாதிரி தெரிவதால்தான் இந்தக் குழப்பம் நீடிக்கிறது. ஃபங்ஷன் படிக்கும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: ஃபங்ஷனுக்குள் பிரின்ட் எழுதக்கூடாது, எல்லாம் ரிட்டர்ன், காட்டுவது வெளியே. கொஞ்சம் கடுமையான விதிதான். அடிப்படை கைக்கு வந்தபின் தளர்த்திக்கொள்ளலாம்.

டிக்ஷனரியை லிஸ்ட்டோடு சேர்த்தே படியுங்கள். வரிசை முக்கியமென்றால் லிஸ்ட், ஒரு பெயரைச் சொல்லி அதற்குரியதை எடுக்க வேண்டுமென்றால் டிக்ஷனரி. ஒரு பத்தியில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணும் புரோகிராம் இதற்கு அருமையான பயிற்சி. சொல் ஏற்கெனவே டிக்ஷனரியில் இருந்தால் 1 கூட்டு, இல்லையென்றால் 1 என்று வை. அவ்வளவுதான், ஆனால் ஸ்ட்ரிங், லூப், இஃப், டிக்ஷனரி நான்கும் அதில் ஒன்றாக வேலை செய்யும். டியூப்பிள், செட் இரண்டும் என்னவென்று தெரிந்தால் போதும், தேவைப்படும்போது விரிவாகப் பார்க்கலாம்.

அப்புறம் எரர். சிவப்பைப் பார்த்ததும் மூடிவிட்டு வீடியோவுக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். ட்ரேஸ்பேக் (எரர் வந்ததும் பைத்தான் காட்டும் அந்தச் சிவப்பு வரிகள்) எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசி வரியிலிருந்து படியுங்கள். அங்கே எரரின் வகையும் காரணமும் இருக்கும். அதற்குச் சற்று மேலே ஃபைல் பெயரும் வரி எண்ணும். நேம்எரர் என்றால் அந்தப் பெயர் இன்னும் பிறக்கவில்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை. கீஎரர் என்றால் டிக்ஷனரியில் அந்தச் சாவி இல்லை. சின்டாக்ஸ் எரர் மட்டும் சில சமயம் ஏமாற்றும்: மேல் வரியில் அடைப்புக்குறியை மூடாமல் விட்டால், பழைய பதிப்புகளில் பழி அடுத்த வரியின் மேல் விழும். 2021இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து 'இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை' என்று நேராகச் சொல்கிறது. புதிய பதிப்பை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

இனி அந்தக் காலி ஃபைல். பைத்தானில் # போட்டு எழுதும் வரியை அது கண்டுகொள்ளாது. அதில் முதலில் தமிழில் எழுதுங்கள். வேலை: பயனர் தருகிற எண்களின் சராசரி.

# எண்களை வாங்கிக்கொண்டே இரு
# ஒன்றும் தட்டாமல் என்டர் அடித்தால் நிறுத்து
# வந்ததைக் கூட்டிக்கொண்டே வா
# எத்தனை வந்தது என்றும் எண்ணு
# கடைசியில் வகுத்துக் காட்டு

இதை எழுதும்போதே எத்தனை பெயர்கள் வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது: கூட்டிக்கொண்டே வர ஒன்று, எண்ணிக்கைக்கு ஒன்று, இப்போது வந்ததற்கு ஒன்று. 'கொண்டே இரு' என்பது லூப்; எத்தனை சுற்று என்று முன்கூட்டித் தெரியாததால் வைல். 'அடித்தால்' என்பது இஃப். வைல் ட்ரூ என்றால் நிறுத்தும்வரை சுற்று, பிரேக் என்றால் லூப்பை நிறுத்து; ஃப்ளோட் இன்ட் போலத்தான், ஆனால் தசம எண்ணாக மாற்றும். ஒவ்வொரு வரியாக மாற்றினால் இப்படி வரும்:

மொத்தம் = 0
எத்தனை = 0
வைல் ட்ரூ:
    வந்தது = இன்புட்("எண்: ")
    இஃப் வந்தது == "":
        பிரேக்
    மொத்தம் = மொத்தம் + ஃப்ளோட்(வந்தது)
    எத்தனை = எத்தனை + 1
பிரின்ட்(மொத்தம் / எத்தனை)

ஓடும். உடனே இதை உடைக்கப் பாருங்கள். முதல் கேள்விக்கே வெறும் என்டர் அடித்தால் பூஜ்யத்தால் வகுக்கப்போய் நிற்கும். 'பத்து' என்று எழுத்தில் தட்டினால் வேல்யூஎரர். முதலாவதை ஓர் இஃப் போட்டுத் தடுக்கலாம். இரண்டாவதுக்கு, எரர் வந்தால் நிற்காமல் என்ன செய்வது என்று சொல்லும் ட்ரை, எக்ஸெப்ட் வேண்டும். தேவை வந்த இடத்தில் படித்தால் அவை பத்து நிமிட விஷயம். தேவை வராமல் படித்தால் மூன்றாம் நாள் மறந்துபோகும்.

வீடியோக்களை விட்டுவிடச் சொல்லவில்லை. பார்க்கும் முறையை மாற்றுங்கள். அவர் ரன் பட்டனை அழுத்தும் முன் நிறுத்தி, என்ன வரும் என்று எழுதுங்கள். பாடம் முடிந்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டு அதே புரோகிராமை நினைவிலிருந்து எழுதுங்கள். மாட்டிக்கொண்ட இடத்தை மட்டும் போய்ப் பாருங்கள். பிறகு ஒன்றை மாற்றுங்கள்: பெரிய எண்ணுக்குப் பதில் சிறியது, அப்புறம் இரண்டாவது பெரியது. இரண்டாவது பெரியதில் நன்றாகவே திணறுவீர்கள், அந்தத் திணறலுக்காகத்தான் அதைச் சொல்கிறேன். ஒரே நாளில் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட தினமும் அரை மணி நேரம் மேல்.

ஏஐயிடம் கேட்டால் எழுதித் தந்துவிடுகிறதே என்றும் கேட்பார்கள். தரும். அது தந்த பத்து வரி சரியா என்று சொல்ல அந்தப் பத்து வரியைத் தாளில் ஓட்டிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கற்கும் காலத்தில் அதை எழுதச் சொல்லாமல், நீங்கள் எழுதியதில் எந்த உள்ளீட்டுக்குத் தப்பான விடை வரும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் நல்ல துணை.

கிளாஸ் (தரவையும் அதன்மேல் வேலை செய்யும் ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் முறை) ஏன் இப்போது வேண்டாம் என்றால், அது எந்தச் சிக்கலுக்குத் தீர்வோ அந்தச் சிக்கல் உங்களுக்கு இன்னும் வரவில்லை. நான்கைந்து ஃபங்ஷன்கள் எழுதி, ஒரே டிக்ஷனரியை ஒவ்வொன்றுக்கும் தூக்கிக்கொடுத்துக்கொண்டே இருப்பதாக ஒரு நாள் சலிப்பு வரும். அன்றைக்குக் கிளாஸ் பாடத்தைத் திறந்தால் ஒரே மாலையில் புரியும். அதற்கு முன் ஃபைலைப் படிப்பது, எழுதுவது, இம்போர்ட் செய்வது, சிஎஸ்வி, டேட்டைம், ரேண்டம் போன்ற கூடவே வரும் மாடியூல்களைப் பயன்படுத்துவது ஆகியவற்றைப் பழகுங்கள்.

அடிப்படை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னப் புரோகிராம் தருகிறேன். ரிமூவ் என்பது லிஸ்ட்டிலிருந்து அந்த மதிப்பின் முதல் வரவை நீக்கும். நீக்கியதும் பின்னால் இருப்பவை ஓர் இடம் முன்னால் நகரும். ஃபார் லூப் முதல் இடம், இரண்டாம் இடம் என்று இடத்தை எண்ணிக்கொண்டேதான் நடக்கிறது. இவ்வளவையும் வைத்து, ரன் பண்ணாமல் சொல்லுங்கள்:

எண்கள் = [1, 2, 2, 3]
ஃபார் எண் இன் எண்கள்:
    இஃப் எண் == 2:
        எண்கள்.ரிமூவ்(எண்)
பிரின்ட்(எண்கள்)

விடை [1, 3] இல்லை, [1, 2, 3]. இரண்டாவது 2 எந்தச் சுற்றில், எப்படித் தப்பித்தது என்று தாளில் காட்ட முடிந்தால் ஃபங்ஷனுக்குப் போங்கள். முடியவில்லையென்றால் பெரிய எண் புரோகிராமுக்கே திரும்பி, பத்திகளை இன்னும் இரண்டு மூன்று லிஸ்ட்டுகளுக்கு நிரப்பிவிட்டு வாருங்கள்.